குணமாக விரும்புகிறவன் யார்? சுயசித்தம், நொறுங்குதல், தெய்வீக சுகம்: ஒரு விவாத இழை

வாசகர் கேள்வி, ஜூன் 4

"தேவன் மனிதனுடைய சுயசித்தத்தை ஒருபோதும் மீறுவதில்லை. ஆகவே ஜெபித்தும் ஒருவர் குணமாகவில்லை என்றால், உள்ளத்தின் ஏதோ ஓர் ஆழத்தில் அவர் குணமாக விரும்பவில்லை என்றுதான் பொருள்." எங்கள் ஐக்கியத்தில் கொடுக்கப்பட்ட ஒரு செய்தியில் இப்படிச் சொன்னார்கள். பெதஸ்தா குளத்தருகே இயேசு கேட்ட கேள்வியை அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். நீண்ட நாளாக மனச்சோர்வில் இருக்கும் என் தம்பியும் அன்று என் பக்கத்தில் அமர்ந்திருந்தான். அவர்கள் சொன்னது சரிதானா? சரியென்றால், அவனிடம் நான் என்ன சொல்வது?

ஜூன் 4, இரவு

யோவான் ஐந்தாம் அதிகாரத்தை மறுபடியும் வாசியுங்கள். 38 வருஷம் வியாதியாய்க் கிடந்த ஒருவனிடம் "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா" என்று இயேசு கேட்கிறார். செய்தி கொடுப்பவர்களில் பலர் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். அவன் சொன்ன பதில் வரை வருவதில்லை. "ஆம், விரும்புகிறேன்" என்று அவன் சொல்லவே இல்லை. தண்ணீர் கலங்கும்போது தன்னைக் குளத்தில் கொண்டுபோய்விட ஆளில்லை என்றும், தான் போய்ச் சேருவதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான் என்றும் முறையிடுகிறான். கேட்கப்பட்டது விருப்பத்தைப் பற்றி. அவன் சொன்னதோ நெடுநாள் மனத்தாங்கல்.

இயேசு அந்தப் பதிலைத் திருத்தவில்லை. முதலில் முழுமனதாக விரும்பு, பிறகு பார்க்கலாம் என்றும் சொல்லவில்லை. "எழுந்திரு, உன் படுக்கையை எடுத்துக்கொண்டு நட" என்கிறார். அவன் நடக்கிறான். ஓய்வுநாளில் படுக்கையைச் சுமப்பதைப் பற்றி விசாரணை வரும்போது, தன்னைச் சொஸ்தமாக்கினவர் யாரென்றுகூட அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்னாரென்று அறியாத ஒருவர்மேல் அவன் எவ்வளவு விசுவாசம் வைத்திருக்க முடியும் என்பதை அந்தச் செய்தியைக் கொடுத்தவர்தான் விளக்க வேண்டும். குணமாகாதவன் குணமாக விரும்பாதவன் என்று அந்த அதிகாரத்தில் எந்த வசனமும் சொல்லவில்லை. அன்று அந்த மண்டபங்களில் படுத்திருந்த மற்ற வியாதிக்காரரைப் பற்றி வேதாகமம் எந்தத் தீர்ப்பும் எழுதி வைக்கவும் இல்லை.

ஜூன் 5

இயேசுவைப் பிடிக்க வந்தவர்களில் ஒருவனான மல்குஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரனின் காது வெட்டப்பட்டதை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. இயேசு அதைத் தொட்டுச் சொஸ்தப்படுத்தியதை லூக்கா மட்டும் சொல்கிறார். அவன் பெயரை யோவான் மட்டும் சொல்கிறார். அன்றிரவு அவனுக்கும் திடமான ஒரு சித்தம் இருந்தது. தன்னைக் குணமாக்கப் போகிறவரைப் பிடித்துக் கட்டி இழுத்துச் செல்ல வேண்டும் என்பதே அது. விசுவாசத்தை அளந்து சுகம் கொடுக்கப்படுகிறது என்பவர்கள் மல்குஸின் அளவைச் சொல்லட்டும்.

ஜூன் 5, பின்மாலை

"அவன் எழுந்தான் அல்லவா? எழுந்தது அவனுடைய சித்தம் அல்லவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இது வலுவான ஆட்சேபம். கட்டளை வெளியிலிருந்து வந்தாலும் எழுந்து நின்ற கால்கள் அவனுடையவைதாம். இதற்கு அவசரப்பட்டுப் பதில் எழுதப்போவதில்லை.

ஜூன் 7

பதில் எழுதுவதற்கு முன்னால், எந்த இடத்தில் நின்றுகொண்டு பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் மனச்சோர்வு இருந்தது. இருந்தது என்று கடந்த காலத்தில் எழுதுவதற்கே சற்று அச்சமாக இருக்கிறது. துக்கம் என்ற சொல் அதற்குப் பொருந்தாது. துக்கப்படுவதற்கும் ஓரளவு தெம்பு வேண்டும். காலையில் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, ஒரு காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு, தரையில் கிடக்கும் மற்றொன்றை எடுக்கக் குனிவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பேன். காரணம் அகப்படாது. நேரம் போய்க்கொண்டிருக்கும். குணமாக விரும்புகிறாயா என்று அப்போது யாராவது என்னைக் கேட்டிருந்தால், "விரும்ப வேண்டும் என்று விரும்புகிறேன்" என்பதற்கு மேல் உண்மையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இருந்திருக்காது. விரும்பும் திறனையே அந்த நோய் பிடித்து வைத்திருந்தது. அந்த நிலையில் இருக்கும் ஒருவனிடம் "உன் சித்தத்தை ஒப்புக்கொடு, சுகம் வரும்" என்பது, முறிந்த கையாலேயே அந்தக் கைக்குக் கட்டுப் போட்டுக்கொள் என்று சொல்வதைப் போன்றது.

சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்கு என்னை அழைத்துப்போனார்கள். ஜெபவரிசையில் என் முறை வந்தபோது ஊழியர் என் நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். அது வியர்த்திருந்தது, அபிஷேக எண்ணெயின் மணம் வந்தது. ஜெபத்தின் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஒரு சிறு அழுத்தம் விழுந்தது. விழுகிறவர்களைத் தாங்குவதற்காக எனக்குப் பின்னால் ஓர் இளைஞர் இரு கைகளையும் நீட்டியபடி நின்றிருந்தார். அவர் நிற்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். என் முழங்கால்கள் மடங்கின, விழுந்தேன். பரிசுத்த ஆவியானவர் என்னை விழச் செய்தாரா, அந்த உள்ளங்கை தள்ளியதா, எனக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களைக் காக்கவைக்க வேண்டாம் என்று நானே இடம்கொடுத்தேனா என்பதை இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்றும் கலந்தே இருந்திருக்கலாம். என் சொந்த உடம்பில், அத்தனை பேர் பார்க்க நிகழ்ந்த ஒரு செயலிலேயே என் சித்தத்தின் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாதபோது, இன்னொருவருடைய உள்ளத்தின் ஆழத்தில் அவர் எதை விரும்புகிறார், எதை விரும்பவில்லை என்று மேடையிலிருந்து எப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் எனக்கு விளங்காதது.

ஜூன் 8

நான் ஆவியானவரை எதிர்த்து நின்றதால்தான் சுகம் பெறவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விழுந்தேன் என்றல்லவா எழுதினேன்! எதிர்த்து நின்றவர் என் பெரியம்மா. முழங்கால் வலிக்காக வந்த அவர், எத்தனை அழுத்தத்துக்கும் அசையாமல், அந்த வலியோடேயே கடைசி வரை நின்றார். கண்டனத்தை அவருக்கு அனுப்பிவைப்பதே நியாயம்.

ஜூன் 11

இப்போது அந்த ஆட்சேபத்துக்கு வருகிறேன்.

மனம் உடலுக்குக் கட்டளையிடுகிறது, உடல் உடனே கீழ்ப்படிகிறது. மனம் தனக்கே கட்டளையிடுகிறது, எதிர்ப்பைச் சந்திக்கிறது. கை அசைய வேண்டும் என்றால் அசைகிறது. விரும்பு என்று மனத்துக்குச் சொன்னால் அது விரும்புவதில்லை. பழங்காலத் திருச்சபையின் ஆயரான அகுஸ்தீன் தம் வாழ்க்கையைத் தேவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலின் எட்டாம் பகுதியில், மிலான் நகரத் தோட்டத்தில் 386ஆம் ஆண்டு தாம் பட்ட போராட்டத்தை விவரிக்கும்போது இந்த விந்தையைப் பற்றிப் பேசுகிறார். கட்டளையிடும் மனமே முழுமையாக விரும்பவில்லை. பாதி விரும்பிப் பாதி விரும்பாமல் கிடக்கும் இந்நிலை ஆன்மாவின் நோய் என்கிறார். கற்பைத் தாரும், ஆனால் இப்போதே வேண்டாம் என்று இளமையில் வேண்டிக்கொண்டதை மறைக்காமல் எழுதிவைத்தவர், பாதி விருப்பத்தைப் பற்றிப் பேசத் தகுதியுள்ளவர்தான்.

பவுலும் ரோமர் ஏழாம் அதிகாரத்தில் இதையே சொல்கிறார்: "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்." ஆகவே சித்தம் என்பது நோய்க்கு வெளியே ஆரோக்கியமாக நின்றுகொண்டு, வைத்தியரை உள்ளே அனுமதிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் காவலாளி அன்று, படுக்கையில் கிடப்பவற்றுள் அதுவும் ஒன்று. நம் நொறுங்குதலைப் பற்றி விசுவாசம் சொல்லும் மிகக் கடினமான செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். உடைந்தது நம் வாழ்க்கை மட்டும் என்றால், அதைச் சரிசெய்ய நாம் இருக்கிறோம் என்று தேற்றிக்கொள்ளலாம். சரிசெய்ய வேண்டிய நாமே உடைந்திருக்கிறோம் என்பதை ஏற்பதற்கு மனம் வருவதில்லை.

"எழுந்தது அவனுடைய சித்தம் அல்லவா?" ஆம், அவனுடையதுதான். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை அது எங்கே இருந்தது? "நீர் கட்டளையிடுவதைத் தாரும், பின்பு நீர் விரும்புவதைக் கட்டளையிடும்" என்பது அகுஸ்தீனின் ஜெபம். "எழுந்திரு" என்ற சொல்லிலேயே எழுவதற்கான பலமும் எழ வேண்டும் என்ற விருப்பமும் சேர்ந்து வந்தன என்றுதான் என்னால் அந்தப் பகுதியை வாசிக்க முடிகிறது. அதற்குப் பிறகு தேவாலயத்தில் அவனைக் கண்டு, "இனிப் பாவஞ்செய்யாதே" என்று இயேசு எச்சரிப்பதையும் கவனியுங்கள். பொறுப்புள்ள மனிதனாக அவனிடம் பேசுவது, அவன் காலூன்றி நின்ற பின்புதான். சுயாதீனம் குணமாதலுக்கு முன்நிபந்தனையாக வரவில்லை. குணமாதலின் பலனாக வருகிறது.

ஜூன் 12

"அப்படியென்றால் யாருக்கும் எதற்கும் பொறுப்பில்லை என்று ஆகிவிடாதா?" என்று கேள்வி எழுப்பிய சகோதரரே கேட்கிறார். அகுஸ்தீனின் காலத்தில் ரோமில் போதித்த பெலாகியுஸ் கேட்டதும் இதுதான். அகுஸ்தீனின் அந்த ஜெபத்தை ரோமில் ஓர் ஆயர் சொல்லக் கேட்டு, பெலாகியுஸ் பொறுக்கமாட்டாமல் வாதிட்டதை அகுஸ்தீனே பதிவு செய்திருக்கிறார். பெலாகியுஸைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. கிருபை கிருபை என்று சொல்லிக்கொண்டே சோம்பியிருக்கும் கிறிஸ்தவர்கள் அவர் காலத்திலும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். கட்டளை கொடுத்திருக்கிறார் என்றால் அதைச் செய்யும் ஆற்றலும் மனிதனுக்கு இருக்கத்தானே வேண்டும் என்ற அவர் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் திருச்சபை அதை ஏற்கவில்லை. 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் அவர் போதனையை மறுத்தது. 529இல் ஆரஞ்சு சங்கம், விசுவாசத்தின் தொடக்கமும், விசுவாசிக்க வேண்டும் என்ற விருப்பமுங்கூடக் கிருபையின் கொடையே என்றது. அதே சங்கம், தீமைக்கென்று தேவன் சிலரை முன்குறித்தார் என்று சொல்பவர்களையும் கடுமையாகக் கண்டித்தது. ஒரு பக்கம் மட்டும் சாய்ந்துகொண்டு போக அங்கே இடம் வைக்கவில்லை.

இதில் எனக்கு வேடிக்கையாகத் தோன்றுவது வேறு. "போதுமான அளவு விசுவாசி, சுகம் உன்னுடையது" என்ற பிரசங்கம் கிருபையின் உச்சமாகக் காட்டப்படுகிறது. உண்மையில் அது பெலாகியுஸின் போதனைக்கு வேறு உடை போட்டதுதான். விசுவாசம் நாம் செலுத்தும் விலையாகவும், சுகம் அதற்கு வாங்கும் பண்டமாகவும் ஆகிவிடுகிறது. பெலாகியுஸாவது வசதியான ரோமக் குடும்பங்களைப் பார்த்துத் திருந்துங்கள் என்றார். இவர்கள் படுக்கையில் கிடப்பவனைப் பார்த்துச் சொல்கிறார்கள்.

ஜூன் 15

அவிசுவாசம் சுகத்தைத் தடுக்கும் என்பதற்கு இயேசு வளர்ந்த ஊரான நாசரேத்தை யாராவது காட்டுவார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன், வந்துவிட்டது. மாற்கு 6: அவர்களுடைய அவிசுவாசத்தினிமித்தம் இயேசுவால் அங்கே பெரிய செய்கை ஒன்றும் செய்யக்கூடாமற்போயிற்று. இந்த வசனத்தை மழுப்ப முடியாது, மழுப்பவும் கூடாது. மத்தேயு இதையே சற்று மென்மையாக, "அநேக அற்புதங்களைச் செய்யவில்லை" என்ற பொருளில் எழுதுகிறார். மாற்குவோ செய்ய முடியவில்லை என்றே சொல்கிறார். ஆனால் அதே வசனம், சில நோயாளிகள்மேல் கைகளை வைத்து அவர்களைக் குணமாக்கினார் என்றும் முடிகிறது. அவிசுவாசம் ஊருடையது, "இவன் தச்சன் அல்லவா" என்று சொன்ன ஆரோக்கியமானவர்களுடையது. அங்கே குற்றம் சாட்டப்படுவது நோயாளி அல்லன், அவனைச் சுற்றி நின்ற சமூகம்.

மாற்கு இரண்டாம் அதிகாரத்தில் இதன் மறுபுறம் இருக்கிறது. நான்கு பேர் கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்குகிறார்கள். இயேசு "அவர்கள்" விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் அதுவரை எதுவும் பேசவில்லை. ஒருவனால் விரும்ப முடியாத காலத்தில் அவனுக்காக மற்றவர்கள் விரும்பலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. தம் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாகவே விட்டுவந்தேன் என்று பவுல் எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொல்கிறார். தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டு, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலைப் பெறுகிறார். மூன்று பேருடைய உள்ளத்தின் ஆழத்திலும் குணமாக விருப்பமில்லை என்று சொல்லத் துணிகிறவர் உண்டா?

ஜூன் 19

கத்தோலிக்க அறிஞர் எராஸ்மஸ் 1524இல் சுயாதீன சித்தத்தை ஆதரித்து எழுதினார். சீர்திருத்தவாதி லூத்தர் 1525இல் மறுத்து எழுதினார். பாப்பரசர், உத்தரிக்கிற ஸ்தலம் என்று ஓரத்து விஷயங்களை விட்டுவிட்டு எராஸ்மஸ் மட்டுமே விவாதத்தின் குரல்வளையைப் பிடித்தார் என்று லூத்தர் அதிலேயே அவரைப் பாராட்டவும் செய்கிறார். அதன்பின் கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் சீர்திருத்த சபைகளின் டார்ட் சங்கமும் தத்தம் வழியில் வேலி போட்டன. அந்த வேலிகளைப் பற்றி இங்கே சண்டை தொடங்க வேண்டாம், முடியாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, கிருபை எல்லா மனிதரிடத்திலும் முந்திக்கொண்டு வந்து, பதில் சொல்லும் அளவுக்குச் சித்தத்தைத் தூக்கி நிறுத்துகிறது என்றார். மனத்தளவில் நான் அவர் பக்கம்.

ஆனாலும் என் இருண்ட மாதங்களில் உதவியவர் லூத்தர்தான். சுயாதீன சித்தம் கொடுக்கப்படக்கூடும் என்றாலும் தமக்கு அது வேண்டாம் என்று அந்த நூலின் இறுதியை ஒட்டி எழுதுகிறார். தம் இரட்சிப்பு தம் கையில் இருந்தால் இன்னும் எவ்வளவு செய்ய வேண்டும் என்ற சந்தேகம் ஒருநாளும் தீராது, தேவனுடைய கையில் இருப்பதால் நிம்மதி என்கிறார். ஆரோக்கியமாக இருக்கும்போது இதை வாசித்தால் மனித மாண்பைக் குறைப்பதாகத் தோன்றும். காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும்போது வாசித்தால் மூச்சு விட முடிகிறது. ஒரு போதனை உண்மையா என்பதும், எந்த நேரத்தில் அது யாருக்கு மருந்தாகிறது என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜூன் 20

மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று எனக்கும் சொல்லப்பட்டது. நான் நிறுத்தவில்லை, சண்டை போடவும் தெம்பில்லை. ஆகவே மாத்திரை அட்டையை வேதாகமத்தின் ஜிப் உறைக்குள் பின்பக்கப் பையில் வைத்துக்கொண்டு ஆராதனைக்குப் போய்வந்தேன். எல்லாரும் அமைதியாகத் தலைகுனிந்திருக்கும்போது அந்த அட்டை நெளிந்து சத்தம் போடும். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அடுத்தாற்போல ஒரு மாத்திரை அட்டை இருந்தது எனக்குத் தவறாகத் தோன்றவில்லை. கத்தோலிக்கரின் வேதாகமத்திலுள்ள சீராக் நூல், 38ஆம் அதிகாரத்தில், நோய் வந்தால் மன்றாடு, மருத்துவருக்கும் இடங்கொடு, அவரையும் ஆண்டவரே படைத்தார் என்ற பொருளில் பேசுகிறது. ஜெபமும் மருந்தும் போட்டியிடுகின்றன என்ற எண்ணம் அந்த நூலாசிரியருக்கு இல்லை.

மனச்சோர்வுக்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். குறைப்பதானாலும் மருத்துவரிடம் கேட்டுச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். இதை விவாதத்துக்கு வைக்கவில்லை.

ஜூன் 24

"இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிவதுதானே சுதந்தரம்?" என்று கேட்டவருக்குக் கீழைத் திருச்சபையிலிருந்து (ஆர்த்தடாக்ஸ் மரபு) ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன்.

ஏழாம் நூற்றாண்டில், கிறிஸ்துவுக்குத் தெய்வ சித்தம் ஒன்று மட்டுமே இருந்தது, மனித சித்தம் இல்லை என்று ஒரு கொள்கை அரச ஆதரவோடு பரவியது. அதை மாக்சிமுஸ் என்ற துறவி எதிர்த்தார். "என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று கெத்செமனேயில் ஜெபித்தபோது பேசியது உண்மையான மனித சித்தம் என்றார். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளிலேயே நசியான்சு கிரகோரியார் என்ற ஆயர் ஒரு விதியை வகுத்திருந்தார்: கிறிஸ்து எதைத் தம்மேல் எடுத்துக்கொள்ளவில்லையோ, அது குணமாக்கப்படவில்லை. மனித சித்தத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்றால் நம் சித்தத்துக்குக் குணம் இல்லை. இரட்சிப்பை நீதிமன்றத் தீர்ப்பாகக் காண்பதைவிட நோய் தீர்வதாகக் காண்பது கீழைத் திருச்சபையின் வழக்கம். இந்த விவாதத்தில் அது எவ்வளவு உதவுகிறது பாருங்கள்.

மாக்சிமுஸ் இன்னொரு வேறுபாட்டையும் காட்டுகிறார். நன்மையை நோக்கி இயல்பாகவே சாயும் சித்தம் படைப்பில் நமக்குக் கொடுக்கப்பட்டது. இதுவா அதுவா என்று தயங்கித் தடுமாறித் தேர்ந்தெடுக்கும் நிலையோ, நன்மை எதுவென்று தெளிவாகத் தெரியாததால் வந்தது. இவற்றுள் முதலாவது கிறிஸ்துவுக்கு உண்டு, இரண்டாவதான தடுமாற்றம் இல்லை. நாம் சுதந்தரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தத் தடுமாற்றமே நோயின் அறிகுறி என்று ஆகிறது. ஆரோக்கியமான நாளில் நான் காலுறையை எடுக்கலாமா வேண்டாமா என்று தேர்ந்தெடுப்பதில்லை. எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறேன். அந்த நாளில்தான் நான் அதிகச் சுதந்தரமாக இருக்கிறேன்.

662இல் மாக்சிமுஸின் நாவையும் வலக்கையையும் துண்டித்து நாடுகடத்தினார்கள். அதே ஆண்டில் இறந்தார். 680–681இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பொதுச்சங்கம், கிறிஸ்துவுக்கு இரண்டு சித்தங்கள் உண்டு என்றே அறிக்கையிட்டது.

ஜூன் 25

ஜெபத்தைச் சோதித்த ஆய்வைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதயத்தில் மாற்றுவழி அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். தமக்காக ஜெபிக்கிறார்களா இல்லையா என்று உறுதியாகத் தெரியாதவர்களில், ஜெபம் பெற்ற குழுவில் 52 சதவீதத்தினருக்கும் பெறாத குழுவில் 51 சதவீதத்தினருக்கும் பின்விளைவுகள் வந்தன. ஜெபிக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்கு வந்தன. இது தற்செயலாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். தேவன் இப்படிப்பட்ட கணக்குக்குள் வந்து நிற்பார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் "உனக்காக இத்தனை பேர் ஜெபிக்கிறார்கள்" என்ற செய்தி ஒரு நோயாளியின் மார்பின்மேல் எப்படி வந்து அமரும் என்பது எனக்குத் தெரியும்.

ஜூலை 2

கணவருடைய குடியைப் பற்றி எழுதிய அம்மையாருக்கு. அந்த நோயில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. ஆகவே அறிவுரை சொல்ல மாட்டேன். ஆனால் 1935இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் பன்னிரண்டு படிகளின் வரிசையைப் பாருங்கள். மதுவின் முன் நாங்கள் வலிமையற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது முதற்படி. எங்கள் சித்தத்தையும் வாழ்க்கையையும் தேவனுடைய பராமரிப்பில் ஒப்படைக்கத் தீர்மானித்தோம் என்பது மூன்றாம் படி. வலிமையே இல்லாதவன் எப்படித் தீர்மானிக்கிறான்? இரண்டுக்கும் நடுவில் இரண்டாம் படி நிற்கிறது: எங்களிலும் பெரிய ஒரு வல்லமை எங்களைத் தெளிந்த நிலைக்குக் கொண்டுவர முடியும் என்று நம்பத் தொடங்கினோம். முதலில் தோல்வி, பிறகு நம்பிக்கை, அதற்குப் பிறகே சித்தம். இறையியல் சங்கங்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிய வரிசையைக் குடியிலிருந்து மீண்டவர்கள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பொறுப்பைப் பற்றி ஜூன் 12ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்கிறேன். நோயாளி என்று சொல்வதால் உங்கள் கணவர் உங்களுக்குச் செய்த தீங்கு தீங்கு இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் படிகளிலேயே, தீங்கிழைக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுதி அவர்களுக்கு ஈடுசெய்வதும் உண்டு. அவர் குணமாகும் வரை உடன் இருந்து அடிபட வேண்டும் என்று எந்த வேதமும் உங்களுக்குக் கட்டளையிடவில்லை. உங்களுக்கும் ஒரு சித்தம் உண்டு. பாதுகாப்பான இடத்துக்குப் போவதற்கு அதைப் பயன்படுத்துங்கள்.

ஜூலை 9

ஜப்பானியர் உடைந்த பாத்திரத்தைப் பொன்னால் ஒட்டும் கதையை, நொறுங்குதலுக்கு உவமையாக, இதுவரை யாரும் இங்கே கொண்டுவராததற்கு எல்லாருக்கும் நன்றி.

பெத்சாயிதா குருடனைப் பற்றி எழுத நினைத்து விடுபட்டுப்போனது. மாற்கு எட்டாம் அதிகாரத்தில் மட்டும் வரும் நிகழ்ச்சி அது. இயேசு அவனைக் கையைப் பிடித்துக் கிராமத்துக்கு வெளியே அழைத்துப்போய், கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, எதையாகிலும் காண்கிறாயா என்று கேட்கிறார். நடக்கிற மனுஷரை மரங்களைப் போலக் காண்கிறேன் என்கிறான் அவன். மறுபடியும் கைகளை வைத்த பின்புதான் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது.

தேவகுமாரனின் கைபட்ட பிறகும், "இன்னும் சரியாகத் தெரியவில்லை" என்று சொல்ல அந்த மனிதனால் முடிந்தது. எனக்குத் தெரிந்த எந்தச் சாட்சி நேரத்திலும் அதற்கு இடமிருந்ததில்லை. நான் விழுந்து எழுந்ததும் ஒலிவாங்கியை நீட்டினார்கள். "இப்போது எப்படி இருக்கிறது?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் அந்த மேடையில் செல்லும். பரவாயில்லை என்று முணுமுணுத்தேன். அல்லேலூயா என்று முழங்கினார்கள். ஊருக்கு வெளியே, கூட்டமில்லாத இடத்தில், உண்மையைச் சொல்லும்படி அவர் கேட்டார் என்பதால்தான் இரண்டாவது தொடுதலுக்கு இடமிருந்தது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று மறு அதிகாரத்தில் ஒரு தகப்பன் அழுவதும் இந்தப் பாதிப் பார்வைதான். அவன் மகன் அதற்காகச் சுகம் மறுக்கப்படவில்லை.

ஏன் சிலருக்கு இரண்டாவது தொடுதல் இந்த வாழ்நாளில் வருவதில்லை என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. மற்றொரு கிரகோரியாரான நிசாவின் ஆயர், கடைசியில் எல்லாச் சித்தங்களும் குணமாகும் என்று நம்பினார். அகுஸ்தீன் அதை மறுத்தார். முன்னவர் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆசைப்படுவதை உபதேசமாக்கத் துணிவில்லை.

ஜூலை 10

கேள்வி எழுப்பிய சகோதரருக்கு. அடுத்த சுகமளிக்கும் கூட்டத்துக்கு வர மாட்டேன் என்று உங்கள் தம்பி சொல்வதாகவும், வீட்டார் வற்புறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தேவனே மனித சித்தத்தை மீறுவதில்லை என்று போதிப்பவர்கள், வர மாட்டேன் என்பவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போக எந்த நியாயமும் இல்லை. பர்திமேயுவிடம் "நான் உனக்கு என்ன செய்யவேண்டுமென்றிருக்கிறாய்" என்று இயேசு கேட்டார். அந்தக் குருடனுக்கு என்ன வேண்டும் என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தும் அவனையே கேட்டார். நீங்களும் கேளுங்கள். ஜெபம் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்; உங்கள் அறையில் நீங்கள் ஜெபிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை. கூட்டத்துக்கு அழைக்க வருகிறவர்களுக்கு நீங்களே பதில் சொல்லி அனுப்புங்கள், அந்தப் பாரத்தை அவன்மேல் ஏற்ற வேண்டாம். மருத்துவரிடம் போகும் நாளில் அவன் சம்மதித்தால் கூடவே போங்கள். புது மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் அவனைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாகத் தோன்றுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.